வேர்வை அறையின் கற்களைக் கழுவிய வெள்ளிக்கிழமை

2025 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. பஜ்ர் தொழுதுவிட்டு வந்ததும் மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்புவதற்குள் பாலைக் காய்ச்சி என் டீயை நானே போட்டுக்கொண்டேன். வாசல் விளக்கை அணைத்தேன். முதல் நாள் டைரிக் குறிப்பைப் படித்துப் பிழை திருத்தினேன். வெள்ளிக்கிழமை எங்கள் தோல் குடோனுக்கு விடுமுறை என்பதால் நகம் வெட்டினேன், ஜும்ஆவுக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடியில் மாட்டினேன். மொட்டை மாடிக்குப் போகும் வேலை எதுவும் அன்று எனக்கு இல்லை.

மொட்டை மாடியில்தான் அண்ணனின் வேர்வை அறை இருக்கிறது. அண்ணன் அதைச் சௌனா என்பார். மதினி அதற்கு வைத்த பெயர் வேக்காட்டு ரூம். தோல் வாங்குகிற வெளிநாட்டு வியாபாரி ஒருவர் ஃபின்லாந்தில் தன் வீட்டுக்கு அண்ணனை விருந்துக்கு அழைத்து, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார வைத்து வேகவிட்டிருக்கிறார். வெளியே வந்தபோது இடுப்புவலி போய்விட்டது என்று அண்ணன் இன்றுவரை சொல்கிறார். அந்த வலி திரும்பி வந்ததைச் சொல்வதில்லை. ஊருக்கு வந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பைன் பலகையில் ஓர் அறை அடித்தார். அடுப்பையும் அதற்கான கருங்கற்களையும் அங்கிருந்தே வரவழைத்தார். கற்களில் பாதி அவருடைய பெட்டியிலேயே வந்தன. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, "உங்க ஊர்ல நடுவுலயே ஒரு மலை நிக்குதே சார், அது பத்தலையா?" என்று கேட்டாராம். பள்ளிவாசலில் கறிக்கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார்: "சித்திரையில எங்க வீட்டு மாடிக்கு வாங்க பாய். காசு இல்லாம வேகலாம்."

அந்த அடுப்பைப் பராமரிப்பது என் பொறுப்பானது. காரணம் ஒன்றுதான். வீட்டில் எந்தப் பொருள் வந்தாலும் கூடவே வரும் பயன்பாட்டுக் குறிப்பைக் கடைசிப் பக்கம்வரை படிக்கிற ஆள் நான். ஆனால் அந்த அறைக்குள் நான் வேர்க்க உட்கார்ந்ததே இல்லை. உட்காரவும் மாட்டேன். எங்கள் குடும்பம் தோல் குடும்பம். உப்புப் போட்ட பச்சைத் தோலுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். சுண்ணாம்புக் குழியிலிருந்து தூக்கிய தோலைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, கை கழுவி, அடுத்த நிமிடம் பரோட்டா சாப்பிட்டிருக்கிறேன். அது எனக்கு நாற்றமில்லை. என்னால் தாங்க முடியாதது மனித உடம்பின் மிச்சம்: ஈரத் துண்டு, சோப்பில் ஒட்டிய முடி, அடுத்தவர் எழுந்து போன பிறகும் பலகையில் இருக்கிற வேர்வைத் தடம். அண்ணன் குளித்து முடித்த சௌனா பலகையில் அவர் உட்கார்ந்த வடிவம் அப்படியே ஈரமாக இருக்கும். மாதம் ஒருமுறை அடுப்பைப் பார்க்கப் போகும்போது அந்த இடத்தைக் கண்ணால் பார்க்காமல் தாண்டிப் போவேன்.

அந்தப் பலகைகளைத் துடைப்பது எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் வேலை. வேதக்கார அம்மா, சர்ச்சுக்குப் போகிறவர். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் வீடு. என் மனைவி உயிரோடு இருந்த காலத்திலிருந்தே எங்கள் வீட்டுக்கு வருகிறார். எங்கள் வீட்டை முடித்துவிட்டு எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் பாத்திரம் தேய்ப்பார். அண்ணனைப் பெரிய பாய் என்றும் என்னைச் சின்ன பாய் என்றும் கூப்பிடுவார். கல்லைத் தொடக் கூடாது, பலகையை மட்டும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். அதை அவர் மீறியதே இல்லை.

அண்ணன் தோல் விஷயமாகக் கொல்கத்தா போய்விட்டு வியாழக்கிழமை இரவுதான் திரும்பியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல அடுப்பைப் போட்டு, அறை சூடாகும்வரை செய்தித்தாள் படித்துவிட்டு உள்ளே போனார். ஆவி எழுவதற்காகக் கரண்டித் தண்ணீரைச் சூடான கல்லில் ஊற்றியிருப்பார். அடுத்து அவர் கத்திய சத்தம் கீழே இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. மேலே ஓடினேன். இடுப்பில் துண்டோடு தொட்டியைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது. அறைக் கதவு வழியாக மஞ்சள் கலந்த புகை வந்தது. அந்த வாசனையை இன்றுவரை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எரிந்த முடி, மிளகாய் நெடி, அதற்கு மேலே ஏதோ இனிப்பாகக் கருகுகிற வாசம். மூன்றும் ஒன்றாக மூக்கில் ஏறின. நான் மூச்சை அடக்கிக்கொண்டு போய் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடி வந்தேன்.

வேலைக்கார அம்மா மாடியின் மறுபக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் பக்கம் திரும்பினார்.

"ஏய், இங்க வா! கல்லுல என்னத்த ஊத்துன?"

"நான் ஒண்ணும் ஊத்தல பாய்."

"பினாயில்தானே? கழுவுறேன்னு பினாயில ஊத்தி வச்சிருக்க. சாவி ஒங்கிட்டதான இருக்கு?"

"பலகையத் தொடைக்கத்தான் சாவி. கல்லுப் பக்கம் நான் போறதில்லன்னு சின்ன பாய்க்கே தெரியும்."

"அவனுக்கு என்ன தெரியும்! நான் ஊர்ல இல்லாத நேரம் பாத்து எல்லாம் சேந்து கூத்தடிச்சிருக்கீக."

பினாயில் வாசம் அப்படி இருக்காது என்று சொன்னேன். அண்ணன் காதில் விழவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் நடக்க ஆரம்பித்துவிடுவார். சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கி, முற்றம் தாண்டி, வாசல் கேட்டுவரை பேசிக்கொண்டே போனார். அந்த அம்மாவும் பின்னாலேயே போனார். அடுக்களை வாசலில் மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா மதினியைப் பார்த்தார். மதினி வெங்காயத்தைப் பார்த்தார். அப்போது எனக்கு அது விசித்திரமாகப் பட்டது, அவ்வளவுதான். எதற்கும் முதலில் வாயைத் திறக்கிற ஆள் மதினி.

"நாளைலருந்து வராத. செஞ்சத ஒத்துக்கிட்டாக்கூட விட்ருப்பேன். பொய் சொல்ற ஆளு எனக்கு வேண்டாம்," என்று கேட்டில் நின்றபடி அண்ணன் கத்தினார். தெரு முழுக்கக் கேட்கிற குரல் அது. தோல் ஏலத்தில் பழகிய குரல்.

கொடியில் போட மிச்சமிருந்த ஈரத்துணி ஒன்று அந்த அம்மாவின் தோளில் கிடந்தது. அதை மடித்து வாசல் திண்டில் வைத்துவிட்டுப் போனார்.

ஜும்ஆவுக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டு அம்மா காம்பவுண்டு சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்னத்த எடுத்துட்டாளாம்?"

"ஒண்ணும் எடுக்கலம்மா. வேற விஷயம்."

"நீங்க சொல்ல மாட்டீக. நல்ல மனசு. எனக்கும் கொஞ்ச நாளாவே சந்தேகம்தான். எவர்சில்வர் டம்ளர் ஒண்ணக் காணோம். நானும் நாளைக்கு நிப்பாட்டிர்றேன்."

காலையில் பினாயில். ஜும்ஆவுக்குள் திருட்டு. எதிர்வீடு நிறுத்தினால் பக்கத்து வீடும் நிறுத்தும். அதன் பிறகு எங்கள் பக்கத்துத் தெருக்களில் அந்த அம்மாவுக்கு ஒரு வீடும் கிடைக்காது. பொய்யான ஒரு சொல் தெருவில் எப்படி உருமாறுகிறது என்பதை அருகில் இருந்து பார்த்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்தேன்.

அடுப்பில் இருப்பது என்ன என்று கண்ணால் பார்த்துவிட்டால் அண்ணனிடம் பேச முடியும். அதனால் தொழுதுவிட்டு வந்ததும் சுத்தம் செய்வது என்று முடிவு செய்தேன். நடுவில் நெய்ச்சோறும் தால்ச்சாவும் சாப்பிட்டேன். சாப்பிட்டிருக்கக் கூடாது.

மின்சார மெயின் போர்டில் அடுப்புக்கான எம்.சி.பி. சுவிட்சை இறக்கி, அதன் மேல் காகிதம் ஒட்டினேன். டெஸ்டரால் தொட்டுப் பார்த்தேன். ரப்பர் கையுறை, முகக்கவசம், பழைய சட்டை. அறைக் கதவைக் கல் வைத்துத் திறந்து நிறுத்தி, வெளியே வெயிலில் பழைய செய்தித்தாள்களை விரித்தேன். அந்த அடுப்பு இடுப்பு உயரமுள்ள எஃகுப் பெட்டி. உள்ளே மின்சாரத்தில் சூடேறும் மூன்று காயில்கள் நிற்கும். அவற்றின் இடுக்குகளிலும் மேலேயும் கற்கள் அடுக்கியிருக்கும். காற்று போக இடம் விட்டு அடுக்க வேண்டும். இறுக்கினால் காயில் வெந்து போகும். வருடத்துக்கு ஒருமுறையாவது எல்லாக் கற்களையும் வெளியே எடுத்து, உடைந்ததை ஒதுக்கி, கழுவிக் காயவைத்துத் திரும்ப அடுக்கச் சொல்கிறது குறிப்பு. எங்கள் போர்க்கிணற்றுத் தண்ணீரில் அதை வருடத்துக்கு இரண்டு முறை செய்தாக வேண்டும். இல்லையென்றால் கற்களின் மேல் வெள்ளையாகப் பொரிந்து, பழைய வாளியின் உட்புறம்போல ஆகிவிடும். நல்ல தண்ணீர்க் குழாயில் பிடித்ததைத்தான் ஊற்ற வேண்டும் என்று அண்ணனிடம் எத்தனை முறை சொன்னாலும் அவர் கைக்கு எட்டுவது போர்க் குழாய்தான். போதாததற்குக் கொடைக்கானல் யூகலிப்டஸ் தைலத்தை வேறு வாளியில் கலந்து ஊற்றுவார். அந்த எண்ணெய் கல்லில் காய்ந்து பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும். அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த அசிங்கம்தான். அதற்கு நான் தயாராக இருந்தேன்.

முதல் கல்லைத் தூக்கினேன். வரவில்லை. இழுத்தபோது பக்கத்துக் கல்லையும் சேர்த்துக்கொண்டு வந்தது. இரண்டுக்கும் நடுவில் வெல்லப்பாகு நிறத்தில் ஒரு நூல் நீண்டது. மேல்வரிசைக் கற்கள் எல்லாவற்றின் மேலும் பழுப்பாக, பளபளப்பாக ஏதோ உருகி வழிந்து உறைந்திருந்தது. கையுறை அதில் ஒட்டிக்கொண்டு, கையை எடுத்தால் கையுறை மட்டும் அங்கேயே நின்றது. முகக்கவசத்தைத் தள்ளிவிட்டு முகர்ந்தேன். சாம்பிராணி. கரித்துண்டின் மேல் தூவினால் வாசமாகப் போகிற பொருள், இங்கே முழுக்க எரியாமல் பாதி மட்டும் புகைந்து தாராகி உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது வரிசையில் அந்தத் தாருக்குள் மிளகாய் விதைகள் பதிந்திருந்தன. கருகிய மிளகாய்த் தோல் கரப்பான் இறகுபோல மின்னியது. பொரிந்த கடுகு இடுக்குகளில் கிடந்தது.

மூன்றாவது வரிசையில் முடி. சுருட்டி முடிச்சிட்ட பெண் முடி. பாதி எரிந்து உருண்டை உருண்டையாகச் சுருங்கி, மீதி எரியாமல் சாம்பிராணிப் பாகில் ஊறி, ஒரு காயிலைச் சுற்றி ஒட்டியிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது அது நீளமாக, ஈரம்போல மின்னிக்கொண்டு வந்தது. குளியலறைச் சாக்கடை மூடியைத் திறந்தால் வருமே, அதேபோல. அதைச் செய்தித்தாளில் போட்டேன். தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். தால்ச்சா நெஞ்சுவரை வந்து திரும்பிப் போனது.

கொஞ்ச நேரம் கழித்து வந்து மீதியைப் பார்த்தேன். காயில்களின் மேல் வெள்ளைப் பொருக்கு. நாக்கால் தொட்டுப் பார்க்காமலே உப்பு என்று தெரிந்தது. அதன் அடியில் துரு பொத்துக்கொண்டு வந்திருந்தது. உப்பு பட்டால் காயில் அரிக்கும் என்று குறிப்பில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அடித்தட்டில் செம்மண் பொடியும், விளக்குமாற்றுக் குச்சியின் முனைகளும்.

எல்லாவற்றையும் காகிதத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது யோசிக்க எதுவும் இல்லை. மிளகாய், உப்பு, கடுகு, முடி, தெருமண், விளக்குமாற்றுக் குச்சி. கண்ணேறு கழிக்கிற சாமான். பிள்ளையைச் சுற்றி எடுத்து நெருப்பில் போடுவது. எங்கள் பக்கத்துப் பெண்கள் எந்த மதமானாலும் செய்வது. அண்ணன் இரண்டு வருடமாக மார்க்க விஷயத்தில் கண்டிப்பாக ஆனபிறகு, எங்கள் வீட்டில் அதற்குத் தடை போட்டார். "மிளகா சுத்துறது, மண்ணு சுத்துறது எல்லாம் இனி இந்த வீட்டுல கூடாது. துஆ ஓதுங்க, அம்புட்டுத்தான்." வியாழக்கிழமை சாயங்காலச் சாம்பிராணியும் அதோடு நின்றது. மதினி அன்று தலையை ஆட்டினார்.

அண்ணன் மகள் பிரசவத்துக்கு வந்து கீழே முன்னறையில் இருக்கிறாள். அண்ணன் கொல்கத்தாவில் இருந்த நாட்களில்தான் அவளுக்கு நாற்பதாம் நாள் குளிப்பு நடந்தது. நான் குடோனில் இருந்தேன். சூடான அறை, சூடான கல். பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டி, முடியை உலர்த்தி, சாம்பிராணி காட்டி, கையோடு கண்ணேறும் கழிக்க அதைவிட வசதியான இடம் வீட்டில் கிடையாது.

மாலை அஸர் தொழுதுவிட்டுக் காகிதத்தை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். மதினி ஒருமுறை பார்த்தார்.

"அத எதுக்கு உள்ள கொண்டாறீக? மூடுங்க தம்பி, மொதல்ல மூடுங்க!"

"நீங்க போட்டதுதானே மதினி."

"புள்ள ராத்திரி பூரா வீல்வீல்னு அழுதுச்சு. எதுத்த வீட்டுக்காரி வந்து என்ன நெறம், என்ன நெறம்னு வாய் மூடாம சொல்லிட்டுப் போனா. அன்னைக்கே ஆரம்பிச்சது. நான் என்ன செய்ய?"

"கல்லுலயா போடுறது? கேஸ் அடுப்பு இருக்கே."

"கேஸ் அடுப்பா? பர்னர்ல நாலு கடுகு கெடந்துச்சுன்னு ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இருந்தது யாரு? ஊசிய வச்சு ஒவ்வொரு ஓட்டையா குத்திக்கிட்டு?"

அது நான்தான்.

"அந்தம்மாவுக்கு இது தெரியுமா?"

"முச்சந்தி மண்ண எடுத்தாந்து கொடுத்ததே அவதான். கழிச்சத வாய்விட்டுச் சொன்னா புள்ள மேலயே திரும்பும்னு சத்தியம் வாங்கிட்டேன்."

அதாவது காலையில் அந்த அம்மா கேட்டில் நின்று வசவு வாங்கியது, வாய் இல்லாமல் அல்ல. எங்கள் வீட்டுப் பிள்ளைக்காக வாயைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தப் பிள்ளையின் பாட்டியான மதினி பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்திருக்கிறார்.

"மதினி, எதுத்த வீட்டுல டம்ளர் காணோம்னு சொல்ல ஆரம்பிச்சாச்சு. நாளைக்கு நிப்பாட்டப் போறாக."

மதினி குரலைத் தாழ்த்தினார். "அவ போகட்டும் தம்பி. அவளுக்கு நாலு தெரு தள்ளிப் போனா வேற வீடு கெடைக்கும். எனக்கு இருக்கிறது இந்த ஒரு வீடுதான். ஒங்க அண்ணன் இதத் தெரிஞ்சா எங்கிட்ட வருஷம் பூரா பேச மாட்டாக."

அந்தப் பேச்சில் பயம் இருந்தது எனக்குப் புரிந்தது. ஆனாலும் கையில் இருந்த பொட்டலத்தைவிட அந்தப் பேச்சைத்தான் தூர வைக்கத் தோன்றியது. முடியைக் கழுவிவிடலாம். 'அவ போகட்டும்' என்பதை எதைப் போட்டுத் தேய்ப்பது?

பின்னால் முன்னறைக் கதவு திறந்தது. அண்ணன் மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"சாச்சா, அந்தப் பொட்டலத்தத் தூரப் போடுங்க, நாறுது. அம்மா, ராத்திரி அத்தாவுக்குச் சோறு வைக்கும்போது நீயா சொல்லு. இல்லன்னா நான் சொல்லுவேன்."

"ஒனக்காகத்தானடி செஞ்சேன்."

"எனக்காகத்தானே? அப்ப எனக்காகவே சொல்லு."

நான் மாடிக்குத் திரும்பினேன். கற்களை வெந்நீரில் ஊறப்போட்டேன். சோப்புக்கு அசையவில்லை, சோடாவுக்கும் அசையவில்லை. குடோனில் தோலுக்கு மெருகு ஏற்ற வைத்திருக்கிற ஸ்பிரிட்டைக் கொண்டுவந்து துணியில் நனைத்துத் தேய்த்தேன். சாம்பிராணி அதற்குத்தான் இளகியது. ஆனால் இளகியதும் பழுப்புச் சளியாக ஓடியது. கல்லைப் புரட்டும்போதெல்லாம் அந்தச் சளிக்குள்ளிருந்து ஒரு முடி, இரண்டு முடி. ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்தேன். துணி முழுக்கக் கறுப்பானதும் அதைத் தொட்டுப் பிழிய மனமில்லாமல் புதுத் துணி கிழித்தேன். பிறகு கம்பி நாரால் தேய்த்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, வெயில் இருந்தவரை தரையில் பரப்பினேன். பெட்டியின் உட்புறத்தை வினிகரால் துடைத்தேன். இரண்டு காயில்கள் தேறும். மூன்றாவது, முடி சுற்றியிருந்தது, அரித்துப்போய்விட்டது. அதை மாற்றாமல் அடுப்பைப் போடக் கூடாது. கற்களை அடுக்காமல் ஒரு தட்டில் மூடி வைத்தேன். எம்.சி.பி. மேல் ஒட்டிய காகிதத்தையும் எடுக்கவில்லை.

கையுறையைக் கழற்றி எறிந்த பிறகும் விரல்களில் அந்த இனிப்பு வாசம் போகவில்லை. எலுமிச்சை தேய்த்தேன். எலுமிச்சையும் சாம்பிராணியும் கலந்து வேறொரு நாற்றம் வந்தது.

இரவு இஷா தொழுகை முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். சப்பாத்தியும் ஆட்டுக்கால் குழம்பும். நான் சப்பாத்தியை மட்டும் பிய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தட்டில் இரண்டாவது கரண்டி விழும்போது மதினி சொன்னார்.

"அந்தக் கல்லுல போட்டது நான்தான்."

அண்ணன் நிமிர்ந்தார். "என்னத்த?"

"புள்ளைக்குக் கண்ணேறு கழிச்சேன். மொளகா, உப்பு, முடி எல்லாம். சாம்பிராணியும் நான்தான் போட்டேன். வேலக்காரம்மா பாவம், ஒண்ணும் செய்யல. இப்ப ஏசுறதுன்னா ஏசுங்க."

அண்ணன் கையில் இருந்த சப்பாத்தி அப்படியே நின்றது. மார்க்கம், ஈமான் என்று ஆரம்பிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"கல்லுலயா போட்ட? ஃபின்லாந்து கல்லுலயா?"

"எந்த ஊரு கல்லா இருந்தா என்ன? சூடா இருந்துச்சு."

"நான் பெட்டில வச்சுத் தூக்கிக்கிட்டு வந்த கல்லுடி அது! அதுல போயி முடிய..." தண்ணீரைக் குடித்தார். "மார்க்கத்துல இல்லாதத செஞ்சது ஒரு தப்பு. அத சௌனாவுல செஞ்சது..."

அண்ணன் மகள் சிரிப்பை அடக்கப் பிள்ளையின் முதுகில் முகத்தைப் புதைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்திக் கத்தியது அந்த மேசையில் யாருக்கும் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

"அந்தம்மாவுக்கு என்ன சொல்றது அண்ணே?"

"வரச் சொல்லிருலே. நீ காலைல போயி சொல்லிட்டு வா."

"நான் ஏசல. ஏசுனவுக போகணும்."

"ஒரு வேலக்காரி வீட்டு வாசல்ல போயி நான் நிக்கணுமாக்கும்?"

"அத்தா," என்றாள் மகள். "நீங்க கத்துனது தெருவுக்கே கேட்டுச்சு. எதுத்த வீட்டுல அந்தம்மாவத் திருடியாக்கியாச்சு. சாச்சா போயி காதுக்குள்ள சொன்னா அது போயிருமா?"

அண்ணன் மீதிக் குழம்பைத் தொடவில்லை. எழுந்து கை கழுவினார். வெகு நேரம் கழுவினார். தண்ணீர் வீணாவதைச் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மறுநாள், சனிக்கிழமை. பஜ்ர் முடிந்ததும் மோட்டார் போடவில்லை, டீ போடவில்லை. முதல் வேலையாக ஸ்கூட்டரை வெளியே எடுத்து அண்ணனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ரயில்வே லைனைத் தாண்டினேன். அந்த அம்மா தெருக்குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் குடத்தை விடவில்லை.

அண்ணன் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினார். "தப்பு எங்க வீட்டுலதாம்மா. நீ ஒண்ணும் செய்யல. பாயம்மா சொல்லிட்டா."

"சொல்லிட்டாகளா? புள்ளைக்கு ஒண்ணும் ஆகலல்ல?"

"நல்லாருக்கு. நீ வேலைக்கு வா."

அந்த அம்மா குடத்தை இறக்கி வைத்தார். "இங்க சொன்னா யாருக்குக் கேக்கும் பாய்? நேத்து எங்க நின்னு சொன்னீகளோ அங்க நின்னு சொல்லுங்க. தண்ணியப் பிடிச்சு வச்சுட்டு வாரேன். நீங்க முன்னால போங்க."

வீட்டுக்குத் திரும்பி இரண்டு பேரும் கேட்டில் நின்றோம். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அம்மா பால் பாக்கெட்டை எடுக்க வந்தவர் எங்களைப் பார்த்து அப்படியே நின்றார். அந்த அம்மா தெருமுனையில் திரும்பியதும் அண்ணன் கேட்டை இரண்டு பக்கமும் முழுசாகத் திறந்தார். நேற்றைய அதே ஏலக் குரலில் ஆரம்பித்தார்.

"வாம்மா, உள்ள வா! நீ ஒண்ணும் செய்யல, ஒண்ணும் எடுக்கல. தப்புப் பண்ணுனது எங்க வீட்டு ஆளுக. நான்தான் தெரியாம ஏசிட்டேன்."

எதிர்வீட்டு அம்மா பால் பாக்கெட்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அம்மா நடையை வேகப்படுத்தாமல் வந்து, நேற்று திண்டில் மடித்து வைத்த துணியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இது ஊறி நாறிப்போச்சு சின்ன பாய். திரும்ப அலசணும். மோட்டார் போட்டீகளா?"

போடவில்லை என்றேன். உள்ளே போய்ப் போட்டேன்.